ரவை கட்டும் மரமேசை

வெடித்து முடிந்த ரவையின் பித்தளைக் கோது எங்கள் தலைமுறைக்குப் புதிய பொருளன்று. வயல் வரம்பிலும் பாடசாலை முற்றத்திலும் அதனைப் பொறுக்கி விளையாடிய சிறுவர்கள் இன்று நடுவயதைத் தாண்டிவிட்டார்கள். அதே கோதை அமெரிக்காவில் ஓய்வுபெற்ற ஒரு மனிதர் நிலத்திலிருந்து பொறுக்கி, வீட்டுக்குக் கொண்டுசென்று, கழுவி மினுக்கி, மீண்டும் மருந்திட்டுச் சன்னம் பொருத்தி அடுத்த வாரம் சுடுகிறார் என்றால் நம்மவர்களில் பலர் நம்பமாட்டார்கள். அவர் அதனை ஒளித்துச் செய்வதில்லை. வாகனத் தரிப்பிடத்தின் மூலையிலோ நிலக்கீழ் அறையிலோ இதற்கென்றே கனத்த மரமேசை ஒன்றைத் தம் கையால் அமைத்து, அதன் முன்னே அமர்ந்து செய்கிறார். அந்த மேசையைப் பற்றியே இந்தக் கட்டுரை.

நான் இதனை எழுத எடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்த மேசையை அமெரிக்கர்கள் தற்சார்பின் அடையாளமாகக் காண்கிறார்கள். அரசு கைவிட்டாலும் கடை மூடினாலும் தன் வீட்டில் தன் கையால் செய்துகொள்வேன் என்ற எண்ணம் அதன் பலகைக்குள் ஊறிக் கிடக்கிறது. அந்த எண்ணத்தின் வரலாறு எவ்வளவு பழையது, அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

1776 ஆம் ஆண்டு ஜூலை 9 ஆம் திகதி, சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட நியூயோர்க் கூட்டமொன்று, போலிங் கிறீன் என்ற இடத்தில் நின்ற மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் சிலையைக் கயிறு கட்டி வீழ்த்தியது. 1770 இல் நிறுவப்பட்ட சிலை. குதிரை மீது மன்னர். உள்ளே ஈயம், மேலே பொன் பூச்சு. உடைந்த ஈயத்தின் பெரும்பகுதி கனெக்ரிகட்டில் உள்ள லிட்ச்பீல்ட் என்ற சிற்றூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே ஒலிவர் வொல்கொட் என்பவரின் வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் அதனை உருக்கி அச்சில் வார்த்தார்கள். பிரகடனத்தில் பின்னர் ஒப்பமிட்டவர்களில் வொல்கொட்டும் ஒருவர். அவருடைய மகள்மாரும் சிறுவனான மகனும் அந்த வேலையில் இருந்தார்கள். யார் எத்தனை வார்த்தார் என்று கணக்கு எழுதிவைத்தார்கள். மொத்தம் 42,088 சன்னங்கள். மன்னரின் குதிரையுடைய வால் தப்பி இன்று நியூயோர்க் வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

பத்திரிகைக்காரன் என்பதால் இன்னொரு செய்தியையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பென்சில்வேனியாவின் ஜேர்மன்ரவுனில் கிறிஸ்தோபர் சவுர் அச்சிட்ட ஜேர்மன் வேதாகமத்தின் 1776 ஆம் ஆண்டுப் பதிப்பை நூல் சேகரிப்போர் 'துவக்கடைப்பு வேதாகமம்' என்று அழைக்கிறார்கள். கட்டப்படாமல் கிடந்த அதன் தாள்களைப் படையினர் மருந்து சுற்றும் கடதாசியாக எடுத்துக்கொண்டார்கள் என்பதே அந்தப் பெயரின் கதை.

லிட்ச்பீல்ட் கதையை அமெரிக்கர்கள் பெருமையோடு சொல்வார்கள். அதில் அவர்கள் அழுத்திச் சொல்லாத பகுதியொன்று உண்டு. அந்தச் சன்னங்களைத் தள்ளுவதற்கான வெடிமருந்தைக் குடியேற்ற நாடுகள் போதிய அளவில் செய்ய முடியவில்லை. போரின் முதல் ஆண்டுகளில் அதன் பெரும்பகுதி பிரான்சிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகள் வழியாகவும் கப்பலில் வந்தது. சமையலறையில் சன்னத்தை வார்க்கலாம். மருந்துக்குக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

அடுத்த நூற்றாண்டில் பித்தளைக் கோது வந்து எல்லாவற்றையும் மாற்றியது. சன்னம், மருந்து, தீப்பற்றவைக்கும் பிரைமர் ஆகிய மூன்றையும் ஒரே குழலுக்குள் அடக்கிய முழு ரவையைத் தொழிற்சாலைதான் செய்ய முடியும். ஈயம் உருக்கும் சட்டியும் அச்சும் இத்துடன் வீட்டைவிட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதற்கான காரணம் ஒரு சிறு துளை.

1866 இல் அத்திலாந்திக்கின் இரு கரையிலும் இருவர் பிரைமருக்கு ஆக்கவுரிமை பெற்றார்கள். அமெரிக்கர் ஹைரம் பேர்டன், உள்நாட்டுப் போரில் குறிசுடுநர் படையை நடத்திய கேர்ணல். ஆங்கிலேயர் எட்வர்ட் பொக்சர், வூலிச் படைக்கலச் சாலையின் அதிகாரி. பேர்டனின் முறையில் பட்டடைமுனை கோதின் அடியிலேயே இருக்கும். தீ செல்ல இரண்டு சிறு துளைகள் ஓரமாக இருக்கும். பொக்சரின் முறையில் பட்டடை பிரைமரோடு சேர்ந்தது; கோதின் நடுவில் ஒரேயொரு துளை. நடுத்துளை உள்ள கோதிலிருந்து எரிந்துபோன பிரைமரை ஓர் ஊசியால் உள்ளிருந்து நேராகத் தள்ளிவிடலாம். ஓரத்துளைக் கோதில் அது இலகுவில் முடியாது. விந்தை என்னவென்றால், அமெரிக்கரின் முறையை ஐரோப்பா எடுத்துக்கொண்டது. ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் வழமையாயிற்று. கோதை மீண்டும் பயன்படுத்தும் பழக்கம் அமெரிக்க வீடுகளில் வேரூன்றியதற்குத் தேசிய குணத்தைக் காரணமாகக் காட்டுவோர் இந்தத் துளையையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

1870 களில் பெருஞ்சமவெளியில் எருமைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்று தோலை விற்ற வேட்டைக்காரர்கள்தான் இந்த வேலையில் முதலில் தேர்ந்தவர்கள். தொழிற்சாலை ரவை விலை கூடியது. கடையோ பல நாள் பயணத் தூரம். மருந்தைப் பீப்பாயிலும் ஈயத்தைக் கட்டியாகவும் வண்டியில் ஏற்றிச்சென்று, பகலில் சுட்ட கோதுகளை இரவில் நெருப்பொளியில் நிரப்பினார்கள். சில ஆண்டுகளில் தென்சமவெளியின் எருமைகள் ஏறக்குறைய இல்லாமற் போயின. அந்த எருமைகளை நம்பி வாழ்ந்த பூர்வகுடிகளின் வாழ்வும் அவற்றோடு சாய்ந்தது. சிக்கனத்தின் கதை என்று இந்தத் தொழிலைச் சொல்வோர் அந்தச் சிக்கனம் எதற்கு உதவியது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

அந்தக் காலத்தில் மேசை கிடையாது. 1884 இல் கனெக்ரிகட்டின் நியூஹேவனில் ஜோன் பார்லோ என்பவர் 'ஐடியல்' என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் விற்ற கருவி ஒரு குறடு போன்றது. சட்டைப்பைக்குள் அடங்கும். மரத்தடியில் இருந்தபடியே பிரைமரைக் கழற்றலாம், மாற்றலாம், சன்னத்தை அமர்த்தலாம். இந்த நிறுவனம் கைமாறிக் கைமாறி 1925 இல் லைமன் என்ற நிறுவனத்திடம் சேர்ந்தது.

பிறகு மேசை ஏன் வந்தது? புகையில்லா மருந்து வந்ததால் வந்தது. 1884 இல் பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேய் அதனைச் செய்து காட்டினார். பழைய கருமருந்தை அகப்பையால் அளந்து கொட்டினாலும் பெரிய தீங்கு நேராது; கோது நிறைந்தால் போதும். புதிய மருந்து அப்படியன்று. சிறிதளவு மருந்து பெரும் அழுத்தத்தை எழுப்பும். அளவு பிசகினால் துவக்கு சுடுபவரின் முகத்தருகே பிளக்கும். ஆகவே மருந்தை நிறுக்கவேண்டியதாயிற்று. நிறுவை அலகு கிரெயின். ஓர் இறாத்தலுக்கு 7,000. தானியமணியிலிருந்து பிறந்த அலகு அது. நம்முடைய பத்தர்மார் பொன் நிறுத்த குன்றிமணியைப் போன்றதே. பத்தரின் தராசுக்கு முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு, ஆடாத மட்டமான பலகை ஏன் வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை. அத்துடன், உயர்ந்த அழுத்தத்தில் விரிந்த பித்தளையைப் பழைய அளவுக்குச் சுருக்கக் கைக்குறடு போதவில்லை. நீண்ட நெம்புகோல் பூட்டிய இரும்பு அழுத்துபொறி தேவைப்பட்டது. தராசு மட்டத்தைக் கேட்டது; பொறி உறுதியைக் கேட்டது. இரண்டுக்கும் விடையாக வந்ததே மரமேசை.

அது வீடுவீடாகப் பரவியது இரண்டாம் உலகப்போரின் விளைவு. போர் நடந்தபோது தொழிற்சாலைகள் அனைத்தும் படைக்குச் செய்தன; வேட்டைக்காரனுக்குச் சன்னம் கிடைக்கவில்லை. கலிபோர்னியாவின் ஓரோவில் நகரில் பிரெட் ஹண்டிங்டன் என்ற இளைஞர், தந்தையாரின் சலவைக்கடையின் ஒரு மூலையில் 1943 இல் ஒரு வேலையைத் தொடங்கினார். சுட்டு எறிந்த சிறு '.22' ரவைகளின் கோதுகளைச் சன்னத்தின் மேலுறையாக மாற்றும் அச்சுகளைச் செய்தார். இன்று உலகம் முழுவதும் பச்சை நிறப் பொறிகளால் அறியப்படும் 'ஆர்.சி.பி.எஸ்.' நிறுவனம் அந்த மூலையில் பிறந்தது.

போர் முடிந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. அரசிடம் மலையளவு மருந்து எஞ்சியிருந்தது. கன்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹொட்ஜ்டன், தம் ஆயுட்காப்புறுதிப் பத்திரத்தின் மீது கடன் வாங்கி, 1946 இல் அந்த மருந்தில் 50,000 இறாத்தலை வாங்கினார். வைக்க இடமில்லை. பழைய புகைவண்டிப் பெட்டியொன்றைக் குத்தகை மேய்ச்சல் நிலத்துக்கு நகர்த்திக் களஞ்சியமாக்கினார். பிள்ளைகள் தகரங்களில் பெயர்ச்சீட்டு ஒட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நெப்ராஸ்காவில் ஜோய்ஸ் ஹோர்னடி, ஒரிகனில் ஜோன் நோஸ்லர் எனப் பலர் சன்னத் தொழிலில் இறங்கினார்கள். போர்முனையில் துவக்குப் பழகித் திரும்பிய இலட்சக்கணக்கான இளைஞர்கள் வாங்கினார்கள். வீட்டுத் தொழில் என்று சொல்லப்படுவது, அரசின் போர்க் கிடங்கு கழித்துவிட்ட மருந்தின் மேல் எழுந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளவேண்டும்.

இனி மேசைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒகையோவில் வாழும் நண்பரொருவரிடம் சென்றிருந்தபோது, அவரது அயலவரின் நிலக்கீழ் அறையில் அப்படியொரு மேசையைப் பார்த்தேன். கருவி செய்யும் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றவர். மேற்பலகை, இடிக்கப்பட்ட கட்டடமொன்றிலிருந்து எடுத்த கனமான கதவு. கால்கள் நான்கும் அமெரிக்க மரக்காலைகளில் 'இரண்டுக்கு நான்கு' என்று விற்கும் சட்டங்கள், இரண்டிரண்டாகச் சேர்த்தவை. அந்தச் சட்டம் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலந்தான் என்பதை அவரே சிரித்துக்கொண்டு அளந்து காட்டினார்.

நமது தச்சர்களின் மேசையோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தேன். தச்சனின் மேசை கிடையாக வரும் விசையைத் தாங்கவேண்டும். சீவுளி முன்னே தள்ள, மேசை நகராமல் நிற்கவேண்டும். 18 ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தச்சர் ரூபோ தம் நூலில் வரைந்த மேசை இன்றும் போற்றப்படுவது, அதன் தடித்த ஒற்றைப் பலகை பாரத்தால் அசையாதிருப்பதற்காக. ரவை கட்டும் மேசையின் சிக்கல் வேறு. பொறி மேசையின் முன்விளிம்பில் பூட்டப்படுகிறது. நெம்புகோலைக் கீழே அழுத்தும்போது முழு மேசையும் சுடுபவரை நோக்கிக் கவிழப் பார்க்கும். மேலே இழுக்கும்போது முன்விளிம்பு தூக்கப்படும். ஆகவே பாரம் மட்டும் போதாது. பின்பக்கத்தைச் சுவரின் மரச்சட்டத்தோடு இறுக்குவார்கள். அல்லது கீழ்த்தட்டில் ஈயக்கட்டிகளையும் சன்னப் பெட்டிகளையும் அடுக்குவார்கள். விளிம்பு அதிகம் வெளியே நீண்டால் வளையும் என்பதால் பொறியைக் காலுக்கு நேர்மேலே வைப்பார்கள். திருகாணி நாளடைவில் மரத்தைத் தின்றுவிடும். ஆகவே பலகையை முழுதாகத் துளைத்துச் செல்லும் போல்ட், கீழே இரும்புத் தகடு, நட்டு. முக்கால் அங்குல ஒட்டுப்பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டால் கதவு கிடைக்காதவருக்கும் குறையில்லை. மீள்நிரப்புக் கருவி உற்பத்தியாளர்களின் தேசியச் சங்கம் இத்தகைய மேசைக்கு வரைபடமொன்றை வெளியிட்டது. தலைமுறைகளாக அது கைமாறி வருகிறது.

அந்த அயலவரின் மேசையில் ஒரு நேரத்தில் ஒரு வகை மருந்து மட்டுமே இருக்கும். மற்றவை அலுமாரிக்குள். இரண்டு தகரங்கள் மேசையில் இருந்தால் என்றோ ஒருநாள் கை மாறும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். தரையில் கம்பளம் இல்லை. அங்கே உணவும் இல்லை. ஈயத் தூள் கையிலிருந்து வாய்க்குப் போகக்கூடாது.

அலுமாரி மரத்தாலானது. பூட்டிய இரும்புப் பெட்டியே பாதுகாப்பு என்று நாம் நினைப்போம். இங்கே விதி நேர்மாறு. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் நியமப்படி, வீட்டில் 20 இறாத்தல் வரையான புகையில்லா மருந்தை அதன் மூலத் தகரத்திலேயே வைக்கலாம். அதற்கு மேல் 50 இறாத்தல் வரை என்றால், குறைந்தது ஓர் அங்குலத் தடிப்புள்ள மரப்பெட்டிக்குள் வைக்கவேண்டும். புகையில்லா மருந்து திறந்த இடத்தில் எரியும்; அடைபட்டால் வெடிக்கும். இறுக்கமான இரும்புப் பெட்டி தீயில் குண்டாகிவிடும். மரமோ வெப்பத்தைச் சிறிதுநேரம் தடுக்கும். அழுத்தம் எழுந்தால் பிளந்து வழிவிடும்.

இந்த அறிவு பழையது. 1802 இல் டெலவேயரின் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் டூ பொன்ட் குடும்பம் அமைத்த வெடிமருந்து ஆலைகளில், ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூன்று பக்கம் தடித்த கற்சுவர். ஆற்றை நோக்கிய நான்காம் பக்கமும் கூரையும் மெல்லிய மரம். வெடித்தால் வெடி ஆற்றுப் பக்கம் போகட்டும் என்று. வெடியில் இறந்த தொழிலாளியை, 'ஆற்றுக்கு அப்பால் போய்விட்டான்' என்று ஊரார் சொன்னார்களாம்.

அயலவரின் மேசையடியில் கிடந்த ஈயக்கட்டிகள்தான் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தன. அவை லைனோரைப் உலோகம். பழைய பத்திரிகை அலுவலகமொன்றின் எச்சம். சன்னம் வார்ப்போரிடையே அந்த உலோகத்துக்குத் தனி மதிப்பு உண்டு. தூய ஈயம் மென்மையானது; குழலுக்குள் தேய்ந்து ஒட்டும். எழுத்து வார்க்கும் உலோகத்திலோ ஏறக்குறைய 84 வீதம் ஈயம், 12 வீதம் அந்திமனி, 4 வீதம் வெள்ளீயம். எழுத்தின் முனை மழுங்காதிருக்கச் சேர்த்த கடினம் சன்னத்துக்கும் பொருந்திவிட்டது. 1970 களிலும் 80 களிலும் அமெரிக்கப் பத்திரிகைகள் ஒவ்செற் அச்சுக்கு மாறியபோது, தேவையற்றுப்போன உலோகத்தில் ஒரு பகுதி இத்தகைய மேசைகளுக்கு வந்து சேர்ந்தது. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் எங்கள் அச்சுக்கூடத்தில் எழுத்துகளைக் கையால் கோத்தார்கள். தேய்ந்த எழுத்துகளைத் தனியே ஒரு பெட்டியில் போடுவார்கள். அவை உருகி மீண்டும் எழுத்தாகும் என்பதைத் தவிர வேறு முடிவு அவற்றுக்கு உண்டென்று அன்று எவரும் எண்ணியதில்லை. அந்தக் கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, யாருடைய ஆசிரியத் தலையங்கம் இதில் கிடக்கிறதோ என்று நினைத்தேன்.

சட்டம் இந்த மேசையைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது, மேசையைத் தொட்டதில்லை. மார்ட்டின் லூதர் கிங்கும் ரொபேட் கென்னடியும் கொல்லப்பட்ட 1968 இல் நிறைவேறிய துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம், 'ரவை' என்ற சொல்லுக்குள் கோது, பிரைமர், சன்னம், மருந்து அனைத்தையும் அடக்கியது. விற்பவர் உரிமம் பெறவேண்டும்; பதிவு வைக்கவேண்டும். 1986 இல் வந்த சட்டம் அவற்றில் பலவற்றைத் தளர்த்தியது. விற்பதற்காகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். தனக்காகச் செய்பவருக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் வேண்டியதில்லை. இலங்கையின் போர்க்காலத்தில் ஒரு வெற்றுக் கோது சட்டைப்பையில் இருந்தாலே சோதனைச்சாவடியில் பதில் சொல்ல வேண்டியிருந்ததை அறிந்த எனக்கு, அந்த மேசையின் முன் நின்றபோது பொறாமையா அச்சமா என்று பிரித்துச் சொல்ல முடியாத உணர்வு எழுந்தது. அந்த மனிதரின் கவனத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்த நாட்டில் எத்தனையோ அறைகளில் அவரைப் போன்றவர்களே இருக்கிறார்கள் என்று நம்புவதைத் தவிரச் சமூகத்துக்கு வேறு பிடிப்பும் இல்லை.

2012 டிசெம்பரில் சாண்டி ஹூக் பாடசாலையில் 20 பிள்ளைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக்கொல்லப்பட்ட பின், கட்டுப்பாடு வரும் என்ற அச்சத்தில் கடைகள் வெறுமையாயின. 2020 இல் பெருந்தொற்றோடு அது மீண்டும் நிகழ்ந்தது. அப்போதுதான் தற்சார்பு மேசையின் உண்மை நிலை தெரிந்தது. கோது இருந்தது, ஈயம் இருந்தது, பொறி இருந்தது, பிரைமர் இல்லை. ஒரு பிரைமருக்குள் இருப்பது தட்டினால் வெடிக்கும் மிகச் சிறிய கலவை. அதனைச் செய்வது ஆலைக்குரிய, ஆபத்தான வேலை. கனத்த மேசைகளுக்கு முன்னால் அமர்ந்தவர்கள், 1776 இல் கப்பலை எதிர்பார்த்தவர்களைப் போலக் கடைக்காரரின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் பிரைமர் செய்யும் பெரிய பெயர்கள் நான்கு: சி.சி.ஐ., பெடரல், ரெமிங்டன், வின்செஸ்ரர். இவற்றில் முதல் மூன்றும் 2024 நவம்பரில் பிராக் நகரைத் தலைமையகமாகக் கொண்ட செக்கோஸ்லோவாக் குழுமத்தின் உடைமையாயின. புரூஸ் ஹொட்ஜ்டன் புகைவண்டிப் பெட்டியில் தொடங்கிய நிறுவனம் விற்கும் பெயர்பெற்ற மருந்து வகைகள் சில, அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உள்ள முல்வாலா ஆலையிலிருந்து கப்பலில் வருகின்றன. ஒகையோ அயலவரிடம் இவற்றைப் பற்றி அண்மையில் நண்பர் மூலம் கேட்டேன். மருந்துத் தகரத்தில் 'அவுஸ்திரேலியத் தயாரிப்பு' என்று எழுதியிருப்பதைத் தாம் எப்போதோ பார்த்துவிட்டதாகவும், மேசையின் இடப்பக்கக் கால் சற்று ஆடுகிறது, அதனை மாற்றும் வேலையில் இருப்பதாகவும் சொல்லியனுப்பினார்.